க்ளட்ச் இல்லாத வண்டி

இடிக்குதா அண்ணாச்சி? இந்தா, இப்பிடித் திருப்பி வச்சுக்கிடுதேன். மேல வைக்கலாந்தான். ஆனா அந்தத் தேங்கா மூட்டை உருண்டு வந்து உரசிச்சுன்னா கண்ணாடி கீறிப்போவும். ஹெல்மெட்டுக் கண்ணாடி கீறிப்போச்சுன்னா எதிர்வெயில்ல ரோடே தெரியாது. அதான் மடியிலயே வச்சுக்கிட்டு வாரேன், தூத்துக்குடியில இருந்து. மதுரையில பஸ் மாறி ஏறுறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு.

போடிக்குப் போறேன். நீங்க தேனியா? சரி சரி.

எல்லாரும் இதத்தான் கேக்காங்க. கண்டக்டரும் கேட்டாரு, ஹெல்மெட்ட வச்சுக்கிட்டு பஸ்சுல வாரீங்களே, வண்டி எங்கன்னு. வண்டி இருக்கு. சர்வீஸ்ல நிக்கி. ஒரு சாமான் வெளிநாட்டுல இருந்து வரணுமாம். மழைக்காலத்துல விட்டேன், இந்தா பனி முடிஞ்சு வெயில் வந்தாச்சு, இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அதுக்காக வண்டி மோசம்னு நினைச்சுராதீங்க. நல்ல வண்டிக்கு நல்ல சாமான் வரணும்னா நேரம் ஆகத்தான் செய்யும். ஹாருமான்னு பேரு. ஆயிரம் சிசி, நாலு சிலிண்டர். நாள் முழுக்க ஓட்டலாம், முதுகு வலிக்காது. வேகமாப் போவணும்னா அதுவும் போவும். இந்த மாதிரி வண்டியில அதுதான் ராஜா. நான் சொல்லல, உலகம் பூரா சொல்லுது.

எனக்குப் பெயிண்ட் கடை. பாளையங்கோட்டை ரோட்டுல பெருமாள் பெயிண்ட்ஸ்னா யாரும் காட்டுவாங்க. முழுப்பேரு வேலாயுதப்பெருமாள். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கலர் அட்டையக் காட்டிக்கிட்டே நிக்கணும். வீட்டுக்காரம்மா வருவாங்க, வெள்ளையிலயே பத்து வெள்ளை பாப்பாங்க, கடைசியில மொதல்ல காட்டுன வெள்ளையவே எடுத்துட்டுப் போவாங்க. அடிச்சு முடிச்சப்புறம் வந்து, அட்டையில பாத்த மாதிரி இல்லையேம்பாங்க. இருபத்தஞ்சு வருசமா இதே பாட்டுத்தான். அந்தச் சலிப்புக்கு எனக்கு இருந்தது ரெண்டே ரெண்டு. ஒண்ணு வண்டி, இன்னொண்ணு கிளீட்டஸ்.

கிளீட்டஸ் யாருன்னு சொல்லணும்லா. என் சேக்காளி. காலேஜுல ஒண்ணாப் படிச்சோம். ஹார்பர் பக்கம் ஷிப்பிங் ஆபீஸ்ல மேனேஜரா இருக்கான். அவன் வண்டி எடுக்கணும்னா என்கிட்டதான் கேப்பான். நான் எல்லாத்தையும் படிச்சு, ஒண்ண ஒண்ணோட ஒப்பிட்டு, இத எடுலன்னு சொல்லுவேன். அவனும் எடுப்பான். ஹாருமாவையும் அப்பிடித்தான் ரெண்டு பேரும் ஒரே வருசம் எடுத்தோம். அவனுக்கு நீலம், எனக்குக் கறுப்பு.

பொங்கல் கழிஞ்சா ரெண்டு பேரும் எங்கயாவது கிளம்பிருவோம். கோவா போயிருக்கோம், ஹம்பி போயிருக்கோம். ஹெல்மெட்டுக்குள்ள மைக் இருக்கும், ஒருத்தன் பேசுறது இன்னொருத்தனுக்குக் கேக்கும். அப்பிடி என்ன பேசுவீங்கன்னு எம்பொண்டாட்டி கேப்பா. ஒண்ணும் பேச மாட்டோம் அண்ணாச்சி. ‘முன்னால லாரி.’ ‘மாடு.’ ‘டீ?’ ‘ம்.’ அம்புட்டுத்தான். நாள் முழுக்க இதுதான் பேச்சு. ஆனா அது கேக்கலன்னா ஓட்ட முடியாது.

இதெல்லாம் கெட்டுப்போனது ஒரு வண்டியாலதான். அதுவும் எப்பிடி? அப்ப இன்னும் வந்தே சேராத வண்டியால.

வெல்டான்னு ஒரு கம்பெனி. போன வருசத்துக்கு முந்தின வருசம் கடைசியில, இத்தாலியில ஒரு கண்காட்சியில, ஹாருமாவுக்குப் போட்டியா இதக் கொண்டு வாரோம்னு ஒரு வண்டியக் காட்டுனான். காட்டுனான், அவ்வளவுதான். ஒருத்தனும் ஓட்டிப் பாக்கல. மேடையில சுத்துது, கீழ இருந்து வெளிச்சம் அடிக்கான், பின்னால பாட்டு ஓடுது. நம்ம கடையில கலர் அட்டைய லைட்டுக்குக் கீழ காட்டுவோம்லா, அந்த மாதிரிதான். செவத்துல அடிச்சாத்தான தெரியும்.

அந்த வீடியோவக் கிளீட்டஸ் எனக்கு அனுப்பியிருந்தான். கீழ ஒரு வரி. இதப் பாத்தியான்னு.

அன்னைக்குச் சாயங்காலம் பீச் ரோட்டுல டீ குடிக்கையில கேட்டேன். “என்னல, ஹாருமாவ வித்துரப் போறியா?”

“சும்மா பாத்தேன்”னான்.

“எண்ணூறு சிசி. ரெண்டு சிலிண்டர். இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு?”

“க்ளட்சே கிடையாதாம் பெருமாளு. கியர் தானா மாறிக்கிடுமாம்.”

“க்ளட்ச் இல்லன்னா அது ஸ்கூட்டர்தாம்ல. எம்பொண்டாட்டி ஒண்ணு வச்சிருக்கா, எடுத்துக்கோ.”

அவன் சிரிக்கல. டீயவே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம், “சீட்டு உயரமும் கம்மி”ன்னான். “எடையும் கம்மியாம்.”

இதத்தான் அண்ணாச்சி, திருப்பித் திருப்பிச் சொன்னான். அன்னைக்கு மட்டும் இல்ல, அதுக்கப்புறம் வந்த ஒவ்வொரு நாளும். க்ளட்ச் இல்ல, சீட்டு தாழ்வு, எடை கம்மி. நான் இழுவையச் சொல்லுதேன், பிரேக்கச் சொல்லுதேன், ஹாருமா ஓடி ஓடி நிரூபிச்ச வண்டி, இது பிறக்கவே இல்லன்னு சொல்லுதேன். அவன் எல்லாத்தையும் கேட்டுட்டு, “மேட்டுல நிப்பாட்டி எடுக்கையில எப்பிடி இருக்கும்னு நினைக்க?”ங்கான். முப்பது வருசமா வண்டி ஓட்டுறவன் கேக்குற கேள்வியா இது?

நான் விடல. ஒப்பிட்டுப் பாக்குறதுன்னா எனக்குத் தெரியாதா? வெளிநாட்டுக்காரன் போடுற வீடியோ எல்லாத்தையும் பாத்தேன். வெல்டாக்காரனே குடுத்த விவரத்த எடுத்து, ஒவ்வொண்ணா அதுல என்ன குறைச்சல்னு எங்க வாட்ஸ்அப் குரூப்புல பேசிப் போட்டேன். முத்துநகர் ரைடர்ஸ்னு ஒரு குரூப் வச்சிருந்தோம், டாக்டரு, வக்கீலு, ஐஸ் பேக்டரிக்காரருன்னு. எல்லாரும் நான் சொன்னதத்தான் சரின்னாங்க. கிளீட்டஸ் மட்டும் ஒண்ணும் எழுதல.

அவன்கிட்ட அப்பவே ஒரு மாத்தம் வந்துட்டு பாத்துக்கிடுங்க. எப்பப் பாத்தாலும் இடது கையப் பேன்ட் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டு நிப்பான், மைனர் மாதிரி. டீ கிளாஸ வலது கையால வாங்குவான், வடையெடுக்கணும்னா கிளாஸக் கீழ வச்சுட்டுத்தான் எடுப்பான். முகத்துல ஒரு சிரிப்பு கிடையாது. நாம ஒரு தமாசு சொன்னாச் சுவரு மாதிரி பாத்துக்கிட்டிருப்பான். குரலும் இறங்கிட்டு. நாமதான் காதக் கிட்டக் கொண்டு போவணும். நடையும் அப்பிடித்தான், நான் ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போயி நிப்பேன், இவன் பாதி ரோட்டுல வருவான், மெதுவா, கலெக்டர் மாதிரி.

அந்த வருசந்தான் அவன ஜெனரல் மேனேஜர் ஆக்கியிருந்தாங்க. சரி, பதவி வந்தா ஆளு இப்பிடித்தான் ஆவான் போலன்னு நினைச்சுக்கிட்டேன். நான் என்ன, பெயிண்ட் கடைக்காரன்தான.

பொங்கல் வந்துச்சு. இந்த வாட்டி தூரமா வேண்டாம், கன்னியாகுமரி வரைக்கும் போயிட்டு வந்துருவோம்னான். கன்னியாகுமரி ஒரு ஊரா? தூத்துக்குடிக்காரன் டூர் போற ஊரா அது? சரி, கூப்பிடுதானேன்னு போனேன். திருச்செந்தூர் வழியாக் கடற்கரை ரோடு. எப்பவும் அவன் முன்னால போவான், அன்னைக்கு என்னைய முன்னால போகச் சொன்னான். ஊருக்குள்ள வந்தா பின்தங்கிப் போயிருதான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் நின்னு நின்னு போவேன்.

உவரி தாண்டி ஒரு டீக்கடையில ஒதுங்குனோம். காலு ஊனுற இடத்துல மணல். கிளீட்டஸ் நிப்பாட்டுனான், வண்டி அப்பிடியே இடது பக்கமாச் சாஞ்சு, அவனையும் சேத்துக் கீழ போட்டுட்டு. பெரிய அடி ஒண்ணும் இல்ல. இண்டிகேட்டர் உடைஞ்சுது, அவன் முட்டியில சிராய்ப்பு. நான் தூக்கி விடுறதுக்கு முன்னால ஒரு போட்டோ எடுத்தேன். அது எங்களுக்குள்ள வழக்கந்தான். எவன் வண்டி விழுந்தாலும் மொதல்ல போட்டோ, அப்புறந்தான் தூக்குறது. என் போட்டோவ அவன் எடுத்திருக்கான், அவன் போட்டோவ நான் எடுத்திருக்கேன்.

அத குரூப்புல போட்டேன். போட்டுட்டு ஒரு வார்த்தை பேசியும் போட்டேன். “நம்ம கிளீட்டஸுக்குக் க்ளட்சும் வேண்டாம், காலும் வேண்டாம், மூணு சக்கரத்துல ஏதாவது இருந்தாப் பாத்துக் குடுங்கப்பா”ன்னு. எல்லாரும் சிரிச்சு வச்சாங்க. டாக்டர் மட்டும் ஒண்ணும் போடல. அவரு எப்பவும் கொஞ்சம் ஒதுங்குன ஆளுதான்.

கன்னியாகுமரி போகல. அங்கயே திரும்பிட்டோம். திரும்பி வரையில மைக்குல நான் ‘முன்னால லாரி’ன்னேன். சத்தம் இல்ல. ‘டீ?’ன்னு கேட்டேன், அதுக்கும் சத்தம் இல்ல. சார்ஜ் போயிருக்கும்னு நினைச்சேன். அன்னைக்குச் சாயங்காலமே கிளீட்டஸ் குரூப்ப விட்டு வெளிய போயிட்டான்.

அதுக்குக்கூட நான் கோவிச்சுக்கிடல அண்ணாச்சி. நான் வண்டியப் பத்தி மட்டுந்தான் பேசுனேன். ஆளப் பத்தி ஒரு வார்த்தை பேசல. வண்டியப் பத்திப் பேசுனதுக்கு ஒருத்தன் இப்பிடி முறுக்கிக்கிட்டா நான் என்ன செய்ய? நாலஞ்சு நாள் விட்டுட்டு நானே போன் பண்ணுனேன். வந்தான். டீ குடிச்சோம். வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுதான் நினைச்சுக்கிட்டுப் போனேன். ஆனா அன்னைக்குன்னு பாத்து வெல்டாக்காரன் விலையச் சொல்லியிருந்தான். பேசாம எப்பிடி இருக்க முடியும்?

ஆவணி வாக்குல அந்த வண்டி மதுரைக்கு வந்துட்டு. ஓட்டிப் பாக்கலாம்னு சொல்லியிருந்தாங்க. கிளீட்டஸ் போன் பண்ணுனான். “வாரியா? கார்ல போவோம், நீயே ஓட்டு”ன்னான். வண்டி பாக்கப் போறவன் வண்டியில போகாமக் கார்ல போறான், அதையும் அவன் ஓட்ட மாட்டானாம். சரி, அந்த வண்டியோட லட்சணத்த நேர்ல பாத்துச் சொல்லிருவோம்னு நானும் போனேன்.

ஷோரூம்ல ஒரு பொண்ணு, நல்லாப் பேசுச்சு. கிளீட்டஸ் ஏறி உக்காந்தான். ரெண்டு காலும் முழுசாத் தரையில ஊனுச்சு. அதையே கொஞ்ச நேரம் குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் கிளம்பிப் போனான். ரிங் ரோடு வரைக்கும் போயிட்டு வர்றதா ஏற்பாடு. கொஞ்ச நேரத்துல வந்துருவான்னு பாத்தா ஆளக் காணோம். அந்தப் பொண்ணு வாசலுக்கும் உள்ளயுமா நடக்கு. நான் ‘வண்டி நின்னு போயிருக்கும்’னேன்.

வந்தான். வாசல்ல நிப்பாட்டுனான். இறங்கல. இஞ்சினையும் அமத்தல. ஹெல்மெட்டோட அப்பிடியே உக்காந்திருக்கான். நான் கிட்டப் போயி, “என்னல, எப்பிடி?”ன்னேன். கண்ணாடியத் தூக்குனான். கண்ணு கலங்கி வழிஞ்சிருந்துச்சு.

காத்துத் தடுப்பு சரியில்ல அண்ணாச்சி. வேற என்ன? நம்ம ஹாருமாவுல நூறுக்கு மேல போனாலும் கண்ணுல ஒரு பொட்டுக் காத்து படாது. இதுல சிட்டி ஓரம் போயிட்டு வர்றதுக்குள்ள கண்ணீரு வருதுன்னா பாத்துக்கிடுங்க. நான் அத அந்தப் பொண்ணுகிட்டயே சொன்னேன், முன்னால உள்ள கண்ணாடி உயரம் பத்தலையேம்மான்னு. அது கிளீட்டஸப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு.

கிளீட்டஸ் இறங்கி வந்து, “நீலம் இருக்குமா?”ன்னான். இருக்குன்னுச்சு அந்தப் பொண்ணு. “எழுதிக்கோங்க”ன்னான்.

என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

திரும்பி வரையில எனக்குப் பொறுக்கல. அருப்புக்கோட்டை தாண்டுனதும் கேட்டேன். “ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையால உனக்கு? முப்பது வருசமா நான் சொல்லி நீ எடுத்த வண்டி எதாவது சோடை போயிருக்கா?”

“இல்ல.”

“பின்ன?”

“எல்லாத்தையும் நீ சொல்லித்தான் எடுத்தேன் பெருமாளு. இது ஒண்ணு எனக்காக எடுத்துக்கிடுதேன்.”

“அப்ப நீயே ஓட்டிக்கோ. என்கூட வராத. ஸ்கூட்டர் கூடவெல்லாம் என்னால டூர் வர முடியாது.”

இத அவன் சரிக்குச் சரி கேட்டிருந்தா எனக்கு மனசு ஆறிருக்கும். முந்தியெல்லாம் அப்பிடித்தான், நான் ஒண்ணு சொன்னா அவன் நாலு சொல்லுவான். அன்னைக்கு ஜன்னல் பக்கம் திரும்பி, “சரி”ன்னான். அவ்வளவுதான். வீட்டு வாசல்ல இறக்கி விட்டேன். இறங்கையில கதவு கைப்பிடியப் பிடிக்கத் தடவிக்கிட்டே இருந்தான். நான் இறங்கிப் போயித் திறந்து விடல.

அதோட பேச்சு நின்னு போச்சு. ஆறேழு மாசம். நான் சாயங்காலம் டீக்கே பீச் ரோட்டுப் பக்கம் போறதில்ல. கடையிலயே பையன வாங்கிட்டு வரச் சொல்லிக் குடிச்சுக்கிடுவேன்.

உசிலம்பட்டியா இது? சரியாப் போச்சு, இன்னும் ரொம்பத் தூரம் கிடக்கு.

இதுக்கு நடுவுல ஒருநாள் ஃப்ளாரன்ஸ் கடைக்கு வந்தா. கிளீட்டஸ் பொண்டாட்டி. எனக்குத் தங்கச்சி மாதிரி. பெயிண்ட் வாங்க வந்திருக்கான்னு கலர் அட்டைய எடுத்துக் குடுத்தேன். அதக் கையில வாங்கி விரிக்காமலே வச்சுக்கிட்டு நின்னா.

“அவருக்கு உடம்பு சரியில்லண்ணே. பார்க்கின்சன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வருசமாவுது. இடது பக்கம் நடுக்கம், விரலு மடங்க மாட்டேங்குது.”

“நடுக்கமா? நான் பாத்ததே இல்லையேம்மா.”

“பாக்கெட்டுக்குள்ளயே வச்சிருந்தா எப்பிடிண்ணே தெரியும்?”

ஸ்டூல எடுத்துப் போட்டேன். உக்காரல.

“டாக்டர் ஓட்டாம இருந்தா நல்லதுங்காரு. இவரு, இன்னும் கொஞ்ச காலந்தான், கை மொத்தமா விடுறதுக்கு முன்னால ஓட்டிக்கிடுதேன், அப்புறம் நானே நிப்பாட்டிருதேன்னு சொல்லுதாரு. இடது கையால க்ளட்ச் பிடிக்கத்தான் முடியல, இதுல அது கிடையாதுங்காரு. எனக்குப் பயமா இருக்கு. அடுத்த வாரம் வண்டி வருது. நீங்க சொன்னாக் கேப்பாரு. வேண்டாம்னு சொல்லுங்கண்ணே.”

“நானும் ஒரு வருசமா அதத்தானம்மா சொல்லுதேன். அந்த இஞ்சின் பத்தாதுன்னு.”

ஃப்ளாரன்ஸ் என்னையே பாத்தா. “நான் இஞ்சினப் பத்திச் சொல்லலண்ணே”ன்னா.

நான் கேட்டேன், இத ஏம்மா என்கிட்ட அவன் சொல்லலன்னு. அதுக்கு அவ சொல்லுதா, ஒவ்வொரு வாட்டியும் சொல்லணும்னுதான் டீ குடிக்க வந்தாராம். வந்தா நீங்க வண்டியப் பத்தியே பேசிக்கிட்டிருந்தீங்களாம். இன்னொரு நாள் சொல்லிக்கிடலாம்னு திரும்பி வந்துருவாராம்.

இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க. வண்டிப் பேச்ச ஆரம்பிச்சதே அவன்தான். ‘இதப் பாத்தியா’ன்னு அனுப்புனது அவன்தான். உடம்புக்கு முடியல, அதனால இந்த வண்டி வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அதுக்கு ஏத்தாப்புலல்லா ஒப்பிட்டுப் பாத்திருப்பேன். ஹாருமாவுலயே க்ளட்ச இளக்கிக் குடுக்க ஆளு இருக்கான் கோயம்புத்தூர்ல. சீட்ட இறக்கலாம். எத்தனையோ வழி இருக்கு. சொன்னாத்தான தெரியும்? எனக்கு அந்த வருத்தம் இருக்கத்தான் செய்யுது. இன்னைக்கும் இருக்கு.

ஃப்ளாரன்ஸ் சொன்னதுக்காக அவன் வீட்டுக்குப் போகலாம்னு கிளம்பினேன். தெரு முனை வரைக்கும் போனேன். அதுக்குள்ள வண்டி வந்துட்டு போல. வாசல்ல நிக்கி, நீலம், மாலை போட்டுப் பொட்டு வச்சு. கிளீட்டஸ் ஒரு துணிய வச்சுத் துடைச்சுக்கிட்டிருந்தான். வலது கையால துடைக்கான். இடது கை தொங்கிக்கிட்டிருந்துச்சு. நான் பாத்த வரைக்கும் அன்னைக்குத்தான் அத வெளிய விட்டிருந்தான். சும்மா இருக்க மாட்டேங்குது அது, தானா ஆடிக்கிட்டே இருக்கு. நான் அப்பிடியே திரும்பி வந்துட்டேன். போயி என்ன பேச? வேண்டாம்னு சொல்லவா? வாசல்ல வந்து நிக்கிற வண்டிய எப்பிடி வேண்டாம்னு சொல்ல?

பின்பக்கம் கொஞ்சம் அகலமா இருந்துச்சு. மத்தபடி நல்லாத்தான் இருந்துச்சு வண்டி.

அதுக்கடுத்த மாசம் என் வண்டி நின்னு போச்சு. குரூப்புல அத நான் போடல. போட்டா வீணா ஒவ்வொருத்தனும் கேள்வி கேப்பான்.

நேத்து மத்தியானம் கடையில நிக்கேன். போன் அடிக்கி. கிளீட்டஸ்னு பேரு வருது. எடுக்கவா வேண்டாமான்னு இருந்துச்சு. எடுத்தேன். முந்தி மாதிரி இல்ல, குரலு ரொம்பச் சன்னமா இருக்கு. கடையில பெயிண்ட் கலக்குற மிஷின் ஓடுது. அத நிப்பாட்டச் சொல்லிட்டுக் கேட்டேன்.

“பெருமாளு, போடியில இருக்கேன்”னான்.

தனியா மூணாறு வரைக்கும் போயிருக்கான். வீட்டுல மதுரைக்குப் போறேன்னு சொல்லிட்டு. போறது ஒண்ணும் தெரியலயாம், நல்லாப் போயிருக்கு. திரும்பி வரையில போடிமெட்டுல மாத்திரை நேரம் தப்பிப்போச்சாம். இறக்கத்துல கையும் காலும் பிடிச்சுக்கிட்டு, அசைக்க முடியல. எப்பிடியோ ஓரமா நிப்பாட்டிட்டு அப்பிடியே வண்டி மேலயே உக்காந்திருந்திருக்கான். கூப்பிடவும் சத்தம் வரல. ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புக்காரங்க பாத்துட்டு, இவன ஜீப்புல ஏத்தி, அதுல ஒருத்தர் வண்டியையும் ஓட்டிக் கொண்டாந்து போடியில ஒரு லாட்ஜுல சேத்துட்டுப் போயிருக்காங்க. நல்ல மனுசங்க. உங்க ஊர்ப் பக்கத்துக்காரங்கதான்.

“இப்ப எப்பிடிலே இருக்கு?”ன்னேன்.

“மாத்திரை போட்டாச்சு. இப்பப் பரவால்ல. ஃப்ளாரன்ஸ் கார் எடுத்துக்கிட்டு வாரா. வண்டிய லாரியில ஏத்திரச் சொல்லுதா.” அப்புறம் சொல்லுதான், “லாரியில கயித்தப் போட்டுக் கட்டுவாங்க பெருமாளு. எனக்கு அதப் பாக்க மனசு இல்ல. இனிமே நான் ஓட்டல. ஃப்ளாரன்ஸ்கிட்ட சொல்லிட்டேன். ஊருக்குக் கொண்டுபோயி யாருக்காவது குடுத்துருவோம். ஆனா அது ஓடி வரட்டும். நீ வந்து ஓட்டிட்டு வாரியா?”

நான் உடனே சரின்னு சொல்லல. எனக்கும் கோவம்னு ஒண்ணு இருக்குல்லா. “மேட்டுல எப்பிடி இழுக்கு?”ன்னு கேட்டேன்.

“வந்து பாரு”ன்னான்.

“பாப்பேன்ல. பாத்துட்டு உள்ளத உள்ளபடிதான் சொல்லுவேன்.”

“சொல்லு. பின்னால உக்காந்து கேட்டுக்கிட்டே வாரேன்.”

“நீ கார்ல வா.”

“இல்ல பெருமாளு, கடைசியா ஒரு வாட்டி. உன் பின்னால வாரேன்”னான்.

ஃப்ளாரன்ஸ்கிட்டயும் பேசுனேன். அவ அழுதுட்டா. கடைசியில ஒத்துக்கிட்டா. கார்ல எங்க பின்னாலயே வருவாளாம். அவனுக்கு முடியலன்னா அந்த இடத்துலயே இறங்கிக் கார்ல ஏறிக்கிடணுமாம். அதுக்கு அவன் சரின்னிருக்கான்.

நான் ஒண்ணும் பரிதாபப்பட்டுப் போகல அண்ணாச்சி. அத நீங்க தப்பா நினைச்சுரக் கூடாது. இந்த ரெண்டு வண்டியில எது நல்ல வண்டின்னு ஒரு வருசத்துக்கு மேல பேசியாச்சு. பேசிப் பேசி எனக்கே அலுத்துப்போச்சு. போடியில இருந்து தூத்துக்குடி வரைக்கும் ஓட்டுனா ஒரு முடிவு தெரிஞ்சுரும்லா. அதுக்குத்தான் போறேன். எம்பொண்டாட்டிகிட்டயும் அப்பிடித்தான் சொன்னேன். அவ இட்லியக் கட்டிக் குடுத்தா. ஆறு பேரு சாப்பிடுற மாதிரி கட்டியிருக்கா.

ஒரு விசயந்தான் எனக்கு ஓடிக்கிட்டே இருக்கு. மதுரையில பஸ்சுக்கு நிக்கையில போன எடுத்து, அந்த வண்டியப் பத்தி வந்த வீடியோவ எல்லாம் மறுபடி தள்ளித் தள்ளிப் பாத்தேன். இஞ்சினப் பத்திச் சொல்லுதான், டயரப் பத்திச் சொல்லுதான், ஹாருமா அத விட இதுல மேல, வெல்டா இத விட அதுல மேலன்னு மணிக்கணக்கா ஒப்பிடுதான். பின்சீட்டப் பத்தி ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லல. பின்னால உக்காருறவனுக்குப் பிடிமானம் எப்பிடி, ஒரு கையால பிடிச்சாத் தாங்குமா, வேகத்தடையில தூக்கிப் போடுமா, ஒண்ணும் தெரியல. நானும் இத்தனை நாளு அதக் கேட்டதில்ல. எதுக்குக் கேக்க? முப்பது வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில போனதே இல்ல.

பின்னால பிடிக்கிறதுக்குக் கம்பி இருக்கும்தான். அவனுக்கு இடது கை நிக்காது. வலது கை ஒண்ண வச்சு எவ்வளவு தூரம் பிடிச்சுக்கிட்டு வருவான்? என் இடுப்பச் சுத்திப் பிடிச்சுக்கோலன்னு சொல்லணும். சொன்னா முறைப்பான். எனக்கும் அத எப்பிடி வாயெடுத்துச் சொல்லுறதுன்னு தெரியல. சொல்லாமலே பிடிச்சுக்கிட்டான்னா நல்லது.

தேனி வந்துட்டு போலிருக்கே. பாத்து இறங்குங்க, படியில அந்த அம்மா மூட்டை கிடக்கு. நான் இப்பிடிச் சேந்து உக்காந்துக்கிடுதேன், நீங்க தாண்டிப் போங்க.

மெதுவாத்தான் ஓட்டுவேன் அண்ணாச்சி. ஊரு போய்ச் சேர ராத்திரி ஆனாலும் பரவால்லன்னு சொல்லியிருக்கேன்.